பழைய கம்ப்யூட்டருக்குப் புது உயிர்!

கிரைண்டர் பெல்ட் தேய்ந்துவிட்டால் என்ன செய்வோம்? புதுப் பெல்ட் மாட்டுவோம். மாவு நைசாக அரைபடவில்லை என்றால் கல் கொத்துகிற ஆளைக் கூப்பிடுவோம். மோட்டார் எரிந்து போனால் காயில் கட்டக் கொடுப்போம். அதற்காகக் கிரைண்டரையே தூக்கி எடைக்குப் போட்ட இல்லத்தரசி யாரையும் எங்கள் கோவை வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் மின்சார மோட்டார் செய்து காட்டிய ஊர். 1955-ல் சபாபதி என்பவர் மின்சாரக் கிரைண்டரை உருவாக்கிய ஊர். மோட்டாரைப் பிரித்து, கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்டுவது எங்கள் ஜனங்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்.

ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவானதும் மட்டும், ‘இது கிழம், இனித் தேறாது’ என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோமே, அது ஏன்? அதுவும் பாகம் பாகமாகக் கழற்றி மாட்டுகிற இயந்திரந்தானே! மேஜைக் கம்ப்யூட்டருக்கு இந்த சௌகரியம் லேப்டாப்பை விட ஜாஸ்தி. நான்கு ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே உள்ள எல்லாமே கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் வீடு சோமனூர்ப் பக்கம். என் கணவர் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். 2013-ல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. தறிக் கணக்கு, எங்கள் மகளிர் குழுவின் வரவு செலவு, மகளின் படிப்பு எல்லாம் அதில்தான். 2024 மே மாதம் அது மிகவும் அடம் பிடித்தது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு, பால் காய்ச்சி, காபி கலந்து, குடித்து, தம்ளரும் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் திரை முழுசாக வரும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஏழு நிமிஷம்!

டவுனில் ஒரு கடையில் காட்டினோம். மூடியைக் கூடத் திறக்காமல், “பத்து வருசம் ஆயிருச்சுங்க. புதுசுதான் எடுக்கோணும்” என்று சொல்லி, 42,000 ரூபாய்க்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

என் கணவரும், “சரி புள்ள, ஓடின வரைக்கும் லாபம். ஒண்ணு எடுத்துருவோம்” என்றார்.

எடுத்துவிடலாம். பணம் எங்கே? இரண்டு மாட்டுப் பால் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து போஸ்டாபீஸில் போட்டு வைத்திருந்தேன். அது மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு. ஜூன் மாதம் பி.காம். சேர வேண்டும். கம்ப்யூட்டரை வாங்கிவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரில் படிக்க வேண்டிய பெண்ணை வீட்டில் உட்கார வைக்க முடியுமா? “ஒரு வாரம் பொறுங்க” என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். எங்கள் ஊரிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, வண்டி நல்லாத்தானுங்க்கா இருக்குது. டயருதான் தேஞ்சு போச்சு.”

அந்தத் தம்பியிடம் பக்கத்திலேயே நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அப்புறம் நானே செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

எது தேய்ந்திருக்கிறது?

கை வைத்தியம் செய்வதற்கு முன்னால் என்ன நோய் என்று தெரிய வேண்டுமல்லவா? விண்டோஸ் ஓடுகிற கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்று ஒரு கட்டம் வரும். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று மூன்று இடங்களில் சதவீதம் ஓடும். கம்ப்யூட்டர் திணறும்போது எது நூறில் போய் நிற்கிறதோ, அதுதான் நோயாளி.

எங்கள் வீட்டில் சி.பி.யூ. பதினைந்து இருபதில் ஹாயாக இருந்தது. டிஸ்க் மட்டும் நூறிலேயே நின்றது. மெமரி தொண்ணூறு. அதாவது, மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது. கை கால்தான் வேலைக்கு ஈடு கொடுக்கவில்லை. இந்தத் தொல்லைக்கு முழுக் கம்ப்யூட்டரையும் மாற்றுவது, முழங்கால் வலிக்கு ஆளையே மாற்றுகிற கதைதான்!

டிஸ்க், மெமரி என்றால் என்ன என்று குழப்பமாக இருக்கிறதா? நம் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்தான் பரண். சாமான் எல்லாம் அங்கேதான் இருக்கும். மெமரி அல்லது ராம் என்பது சமையல் மேடை. வேலை நடக்கும்போது வேண்டியதைப் பரணிலிருந்து இறக்கி மேடையில் வைத்துக்கொள்கிறோம். மேடை சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? ஒன்றை இறக்க இன்னொன்றைப் பரணில் ஏற்ற வேண்டும். ஏறி இறங்கியே நேரம் போய்விடும். மேடையும் சின்னது, பரணும் உயரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

முதல் வேலை, படங்களைப் பத்திரப்படுத்துவது

இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். எந்த ரிப்பேருக்கும் முன்னால், உள்ளே இருக்கும் போட்டோ, வீடியோ, கணக்கு எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். “ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிரும்” என்று யார் சொன்னாலும் சரி, நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே சம்மதியுங்கள்.

எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் காது வைத்துக் கேட்டால் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அது சாகப் போகிற டிஸ்க்கின் அடையாளமாம். அதற்குள்ளே காலஞ்சென்ற என் மாமியாரின் கடைசிப் பொங்கல் வீடியோ இருக்கிறது. பானை பொங்குகிறபோது அவர் குலவை போட்ட குரல், உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. அன்று ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து, தம்பி அத்தனையையும் வெளி டிஸ்க் ஒன்றில் இறக்கினார். மாமியார் குரல் புது இடத்தில் ஒலித்த பிறகுதான் எனக்கு சாப்பாடே இறங்கியது. என் கணவர் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார், அவ்வளவுதான்.

ஒரு நகல் போதாது. இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டில், இன்னொன்று அக்கா தங்கை வீட்டில் இருந்தால் இன்னும் நிம்மதி.

தூசி தட்டினால் பாதி நோய் போகும்

மூடியைத் திறந்ததும் நான் அசந்து போனேன். ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு! தறி ஓடுகிற ஊரில் காற்றிலேயே பஞ்சு பறக்கும். அது போய் பிராசசரின் மேலே உள்ள விசிறியிலும், அதன் அடியிலுள்ள அலுமினியச் சீப்புகளிலும் மெத்தை மாதிரி படிந்திருந்தது. சூடு வெளியே போக வழியில்லை. சூடு அதிகமானால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும்.

இதை நீங்களே செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரை வாசலுக்குக் கொண்டு போங்கள். கை ஈரமில்லாமல் இருக்கட்டும். முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். நம் உடம்பில் இருக்கிற நிலை மின்சாரம் இறங்கிவிடும். மெத்தென்ற பெயின்ட் பிரஷ் போதும். விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வீசிங், ஆஸ்துமா உள்ள குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பிராசசருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ஒரு பசை இருக்கும். பல வருஷம் ஆனால் அது காய்ந்து பொருக்காகிவிடும். பழசைத் துடைத்துவிட்டுப் புதுப் பசை ஒரு பட்டாணி அளவு வைத்தால் சூடு நன்றாக இறங்கும். இதை மட்டும் தெரிந்தவர் கையால் செய்துகொள்வது நல்லது. மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற இரும்புப் பெட்டியை யாரும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

தேதியும் நேரமும் தினமும் மாறிப் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற காசு போன்ற செல் தீர்ந்திருக்கும். மாற்றச் சில ரூபாய்கள்தான். இளம் தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை: கழற்றிய செல்லை மேஜையில் போடாதீர்கள். குழந்தை வாயில் போட்டு விழுங்கினால், தொண்டைக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துவிடும். அப்படி ஏதாவது நடந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். செல்லுக்கு இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

பரணுக்குப் பதில் கைக்கெட்டும் அலமாரி

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள்ளே ஒரு தட்டு சுற்றும். மேஜைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7,200 சுற்று. அதன் மேல் ஒரு சின்னக் கை அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேடும். கை ஓடுகிற நேரந்தான் நாம் காத்திருக்கிற நேரம். எஸ்.எஸ்.டி. என்பதில் சுற்றுகிற பாகமே கிடையாது. பென்டிரைவ் மாதிரி சில்லுகள்தான். வேண்டியதைத் தொட்டதும் எடுக்கும். பழைய கம்ப்யூட்டருக்குச் செய்கிற செலவுகளில் மிகப் பெரிய பலன் தருவது இதுதான்.

கடையில் கேட்கும்போது ‘இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.’ என்று சொல்லிக் கேளுங்கள். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகை புதிய மதர்போர்டுகளுக்கானது. பழையவற்றில் பெரும்பாலும் அதற்கு இடமே இருக்காது. வீட்டு வேலைக்கு 240 அல்லது 256 ஜி.பி. தாராளம். போட்டோ வீடியோ நிறைய இருந்தால் அவற்றைத் தனி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம்.

மேடையை அகலப்படுத்துவது

ராமில் டி.டி.ஆர். 2, 3, 4, 5 என்று ரகம் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். லேப்டாப் ராமும் இதற்குச் சேராது. கடைக்குப் போகும்போது பழைய ராமைக் கழற்றி, பேப்பரில் சுற்றிக் கையோடு கொண்டு போய்விட்டால் வம்பில்லை. ஜாக்கெட்டுக்கு மேட்ச் எடுக்கப் புடவையைக் கொண்டு போவது மாதிரி!

எங்களிடம் 4 ஜி.பி. இருந்தது. இன்னொரு 4 ஜி.பி. டி.டி.ஆர். 3 பழசாகவே வாங்கிப் பக்கத்தில் மாட்டினோம். வாங்குமுன் உங்கள் விண்டோஸ் 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு ராம் போட்டாலும் உபயோகிக்காது. காசு வீண்.

எங்கள் செலவுக் கணக்கு

2024 மே மாதம் எங்களுக்கு ஆனது இது:

எஸ்.எஸ்.டி. – ரூ. 1,650
பழைய ராம் 4 ஜி.பி. – ரூ. 450
பசை – ரூ. 120
செல் – ரூ. 40
சாட்டா வயர் – ரூ. 80
யு.பி.எஸ். பாட்டரி – ரூ. 850
தம்பிக்குக் கூலி – ரூ. 300
மொத்தம் – ரூ. 3,490

ஏழு நிமிஷம் எடுத்த கம்ப்யூட்டர் அரை நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டது! மகள் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் அடுப்படிக்குப் போனவள், திரும்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்ம்மா, அதுக்குள்ள வந்துருச்சு!” என்று கத்தினாள். ஜூன் மாதம் போஸ்டாபீஸ் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. அவள் பி.காம். சேர்ந்தாள்.

ஒரு விஷயம். 2025 கடைசியிலிருந்து ராமும் எஸ்.எஸ்.டி.யும் உலகம் பூராவும் கிடுகிடுவென்று விலை ஏறின. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் சில்லுகளை மொத்தமாக வாங்கிக்கொள்வதுதான் காரணம். ஆகவே என் கணக்கை அப்படியே நம்பிப் போகாமல், இரண்டு மூன்று கடையில் விலை விசாரியுங்கள். கையில் காசு குறைவு என்றால் முதலில் எஸ்.எஸ்.டி. மட்டும் போடுங்கள். ராம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்கு என்ன வழி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்ட வீடுகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை என்று ஒரு நீட்டிப்பை அறிவித்தார்கள். விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல் பிராசசரில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. எங்களுடையது மூன்றாம் தலைமுறை. கதவு சாத்தியாகிவிட்டது.

இன்டர்நெட்டில் பாங்கு வேலை, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் செய்கிறவர்கள் திருத்தம் வராத விண்டோஸில் அதைச் செய்யக் கூடாது. அது தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகையை வைத்துவிட்டு ஊருக்குப் போகிற மாதிரி.

இதற்காக ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூர எறிய வேண்டாம். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, காசு கிடையாது. லினக்ஸ் மின்ட் என்ற ரகம் விண்டோஸ் பழகியவர்களுக்குச் சுலபம். அதிலேயே எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற பதிப்பு பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்றது, 4 ஜி.பி. ராம் போதும். கடிதம் எழுத, கணக்குப் போட லிபர் ஆபீஸ் கூடவே வருகிறது. தமிழிலும் டைப் அடிக்கலாம். நம் நாட்டு சி-டாக் நிறுவனமும் பாஸ் என்ற பெயரில் ஒரு லினக்ஸ் தயாரித்திருக்கிறது. அது சென்னையில் உருவானது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் சின்னக் குழந்தைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். அங்கே கைட் என்ற அரசு நிறுவனம் அதைத் தயார் செய்து கொடுக்கிறது. குழந்தைகளுக்கு வருவது நமக்கு வராதா என்ன?

பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கிற வசதியும் இதில் உண்டு. பிடித்தால் மட்டும் பதித்துக்கொள்ளலாம். உங்கள் பிரின்டர் வேலை செய்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு குறை: டாலி இதில் நேராக ஓடாது. எங்கள் வீட்டில் இரண்டையும் வைத்திருக்கிறோம். தினப்படி வேலைக்கும் பாங்குக்கும் லினக்ஸ். மகள் டாலி பழகும்போது மட்டும் விண்டோஸ். அப்போது இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிடுவாள்.

எப்போது கை விட வேண்டும்?

எதற்கும் ஒரு எல்லை உண்டு. கருகிய வாசனை வந்தாலோ, மதர்போர்டில் உள்ள சின்ன உருளைகள் உப்பி வெடித்திருந்தாலோ, ராம் டி.டி.ஆர். 2 என்கிற அளவுக்குப் பழசானாலோ மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ.தான் எந்நேரமும் நூறில் நிற்கிறது என்றால், எஸ்.எஸ்.டி.யும் ராமும் போட்டுப் பெரிய பிரயோஜனம் இருக்காது. பையன் வீடியோ எடிட்டிங் படிக்கிறான், பெரிய விளையாட்டுகள் ஓட வேண்டும் என்றாலும் பழசு ஈடு கொடுக்காது. அப்போதும் புதுசுக்கு முன்னால், கம்பெனிகள் ஆபீஸில் உபயோகித்து விற்கிற எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பழைய கம்ப்யூட்டர் கிடைக்கிறதா, அதற்குக் கடைக்காரர் சில மாதமாவது வாரண்டி தருகிறாரா என்று பாருங்கள்.

என் சொந்தக் கணக்கு ஒன்று சொல்கிறேன். ரிப்பேர்ச் செலவு புதுசின் விலையில் கால் பங்கைத் தாண்டினால் நான் யோசிப்பேன். அதற்குக் கீழே என்றால் யோசிக்கவே மாட்டேன்.

கழித்த சாமானை எங்கே கொடுப்பது?

பழைய போர்டையும் வயரையும் தெருவில் வருகிற பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடாதீர்கள். செம்புக்காக வயரைக் கொளுத்தும்போது வருகிற புகை விஷம். பழைய டப்பா மானிட்டர் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, இந்தக் கழிவுகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தயாரிப்பாளர்களும் பொறுப்பு. புதுச் சாமான் வாங்குகிற கடையிலேயே, ‘பழசை எடுத்துக்கொள்வீர்களா?’ என்று கேளுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எல்லாம் அழித்த பிறகே கொடுங்கள்.

ஒரு மேஜைக் கம்ப்யூட்டரையும் பழைய மாதிரி மானிட்டரையும் செய்ய 240 கிலோ எரிபொருளும், 22 கிலோ ரசாயனமும், 1,500 கிலோ தண்ணீரும் ஆகின்றன என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்று 2004-ல் கணக்குச் சொன்னது. நொய்யலில் தண்ணீர் ஓடாத கோடையில், குடம் வைத்துக் காத்திருந்த நமக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோ தண்ணீர் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலும் மூலையில் துணி மூடி ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்துவிட்டு, ஸ்விட்சைப் போட்டு, அந்த மூன்று பொத்தான்களையும் அழுத்தி, எது நூறில் நிற்கிறது என்று மட்டும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், சீட்டு எழுதுகிறவர் நம்மிடம் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்!